குழாயடிச் சண்டைக்கு ஒரு நன்றி

“நான்தான்டி மொதல்ல ஆரம்பிச்சேன்! அந்தச் சண்ட என் வாயிலருந்து வந்தது!”

“அய்ய, மூஞ்சப் பாரு! நீ வாசப்படி எறங்கறதுக்குள்ளவே ‘இன்னா மொறைக்கிற’ன்னு கேட்டவ நானு. மொத வார்த்த என்னுது. தெருவே சாட்சி.”

“மொறைச்சது யாரு? நான் மொறைச்சதாலதான நீ கேட்ட? அப்ப ஆரம்பம் யாரு?”

“மொறைக்கறதெல்லாம் சண்டையாக்கா? அப்படிப் பாத்தா நீ பொறந்ததிலருந்து சண்டதான் போட்டுக்கினு இருக்குற!”

உலகத்தில் சண்டை போட்டவர்கள் எல்லோரும் தாங்கள் ஆரம்பிக்கவில்லை என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வார்கள். பிள்ளையார்பாளையத்தின் இந்த ஒரு தெருவில்தான், போன வருஷத்துச் சண்டையை ஆரம்பித்த பெருமை யாருக்கு என்று இந்த வருஷம் ஒரு சண்டை. ஒரு பக்கம் பட்டு நெசவு திருஞானசம்பந்தத்தின் மனைவி மங்கையர்க்கரசி. பேரைச் சுருக்கி அரசி என்பார்கள், நடையும் அப்படித்தான். எதிர்ப்பக்கம் ரவிக்கை தைக்கும் கிரேஸ். நடுவில் மாநகராட்சிக் குழாய். அது யார் பக்கமும் சேராமல் சொட்டிக்கொண்டிருந்தது.

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

போன ஐப்பசியில், மழை சற்று வெறித்திருந்த ஒரு பகலில், அரசியின் வீட்டுக்குப் பட்டு எடுக்க ஒரு வெளிநாட்டு அம்மாள் வந்தார். வெளிநாடு என்றால் இஸ்ரேல். ஆனால் பிறந்தது எர்ணாகுளம். அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்த யூதக் குடும்பம்; அந்த அம்மாள் பாவாடை தாவணி வயதில் இருக்கும்போது வீட்டோடு கப்பலேறியவர்கள். பேர் சிப்போரா. தமிழைக் கேட்டால் பாதி மலையாளமாக இருக்கும், ஆனால் புரியும். அவர்கள் கோயிலில் வேதச் சுருள் வைத்திருக்கிற அலமாரிக்கு முன்னால் ஒரு திரை தொங்குமாம். அதைக் காஞ்சிப் பட்டில் நெய்து போடவேண்டும் என்று அவருக்கு ஆசை. அரக்குச் சிவப்பு வேண்டும், மயில் வேண்டாம், யாளி வேண்டாம், உருவமே கூடாது. கோபுரக் கரையைக் காட்டியபோது மட்டும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது மலை போலே உண்டு. எங்களுக்கு மலை இஷ்டம்” என்றார்.

அவரை முன்கூடத்தில் நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே பாயில் அரசி உட்கார்ந்து, ஒவ்வொரு சேலையாக விரித்துக்கொண்டிருந்தாள். சம்பந்தம் பின்கட்டில் தறியில் இருந்தார். அந்தச் சமயத்தில்தான் அரசியின் கண் வாசலைத் தாண்டிப் போனது. போன கண் திரும்பவில்லை. பாதி மடித்த சேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வெளியே ஓடினாள். அடுத்த நொடியில் தெருவில் சத்தம்.

சிப்போரா அம்மாள் கொஞ்ச நேரம் மரியாதைக்கு உட்கார்ந்து பார்த்தார். தெருவில் இரண்டு பெண்கள் அப்படிக் கத்தும்போது உள்ளே உட்கார்ந்து சேலைக் கரையைப் பார்த்துக்கொண்டிருக்க எந்த நாட்டுக்காரருக்குத்தான் முடியும்? செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் இறங்கி, குழாயடி வரை வந்து, நன்றாகக் காது கொடுத்து நின்றார். அப்போது பின்னால் ஒரு சத்தம். நாள்கணக்கில் மழை குடித்து ஊறியிருந்த முன்கூடத்து மச்சு, பழைய செங்கல், சுண்ணாம்பு, உத்தரத்துக் கட்டை எல்லாமாக, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மேலேயே விழுந்தது. நாற்காலி தெரியவில்லை. புழுதிதான் தெரிந்தது.

அரசி ‘ஏங்க!’ என்று அலறிக்கொண்டு பின்பக்கச் சந்து வழியாகப் புருஷனைத் தேடி ஓடினாள். சம்பந்தம் தறிக்குழியில் முழுசாக இருந்தார். அவர் இருக்கிறார் என்று தெரிந்ததும் சேலைகளை நினைத்து மறுபடி அலறினாள். அந்த நேரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த சிப்போரா அம்மாளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் தையல் ஸ்டூலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தவள் கிரேஸ். அங்கேதான் வினை.

ஏனென்றால் அந்த அம்மாள் ஊருக்குப் போன பிறகு பேரீச்சம்பழப் பெட்டி வந்தது கிரேஸ் வீட்டுக்கு. அரசி வீட்டுக்கும் ஒன்று வந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் கிரேஸ் பெட்டி ஒரு நாள் முன்னால் வந்தது. அதை அரசியால் ஜீரணிக்க முடியவில்லை.

“வீடு என்னுது. மச்சு என்னுது. விழுந்ததும் என் தலையெழுத்து. நன்றி மட்டும் அவளுக்கா?” என்று புருஷனிடம் வருஷம் முழுக்கக் கேட்டாள். சம்பந்தம் தறியில் ஓடத்தைத் தள்ளுவாரே தவிர வாயைத் திறக்கமாட்டார்.

அரசிக்கு கிரேஸ் மேல் எரிச்சல் இன்று நேற்று வந்ததல்ல. கிரேஸ் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டால்தான் அரசி நெசவுச் சேலையே எடுப்பாக இருக்கிறது என்று யாரோ கல்யாண வீட்டில் சொன்னதிலிருந்து உண்டு. கிரேஸ் மகள் ஏஞ்சல் ஏனாத்தூரில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள், அரசியின் மகன் ஆனந்தகுமார் டிப்ளமோவோடு நின்றுவிட்டான் என்பதிலும் உண்டு. கிரேஸின் புருஷன் தனசேகரன் ஷேர் ஆட்டோ ஓட்டினாலும் பெண்டாட்டிக்கு வாரம் தவறாமல் பூ வாங்கி வருவான். சம்பந்தம் பூவையே ஜரிகையில்தான் பார்த்திருக்கிறார். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்தது.

இப்போது சிப்போரா அம்மாள் திரும்பி வருகிறாராம். திரையை வாங்கிக்கொள்ள மட்டுமல்ல. அவர்கள் வேதத்தில் ஒரு முறை உண்டு: உயிர் தப்பியவர் எந்த இடத்தில் தப்பினாரோ அந்த இடத்தை மறுபடி பார்த்தால், அங்கேயே நின்று, இந்த இடத்தில் எனக்கு அற்புதம் செய்தவனே என்று ஆண்டவனுக்கு நன்றி சொல்லவேண்டும். பிறகு நாலு பேருக்குச் சாப்பாடு போட்டு, நடந்ததை எல்லோர் காதிலும் விழும்படி சொல்லவேண்டும். தெருவுக்கே சாப்பாடு என்று சம்பந்தத்துக்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது. கூடவே ஒரு வரி: ‘அந்த நேரம் சண்ட தொடங்கியவருக்கு ஞான் கைகூப்பி நன்றி பறயணும்.’

இந்த வரியைக் கேட்டுவிட்டுத்தான் மேலே சொன்ன சண்டை.

ஆனால் இதில் ஒரு முள் இருந்தது. அது இரண்டு பெண்களுக்கு மட்டும்தான் தெரியும்; வீட்டுக்கு வீடு தறிச் சத்தத்தில் தெருவுக்குக் கத்தல் கேட்டதே தவிர வார்த்தை விளங்கவில்லை. அன்றைக்குச் சண்டை எதற்கு என்று தெரு கேட்டபோது, பேசி வைத்துக்கொள்ளாமலே இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: “குழாத் தண்ணிக்கு.” உண்மையில் அரசி வாசலைத் தாண்டிப் பார்த்தது தண்ணீரை அல்ல. ஆனந்தகுமாரின் பைக் கிரேஸ் வீட்டு முன்னால் நின்றது. பின் சீட்டிலிருந்து ஏஞ்சல் இறங்கினாள். இறங்கியவள் அவன் தோளில் விழுந்திருந்த மழைத் துளியைத் தட்டிவிட்டாள். ஒரு தட்டுதான். அது போதாதா?

சாதி என்ற சொல் அரசியின் வாயில் வராது. “பழக்க வழக்கம் வேற வேற” என்பாள். அதற்கு மேல் அவள் கணக்கு வேறு இடத்தில் இருந்தது. தெருமுனையில் ஜரிகைக் கடை வைத்திருக்கும் பட்டம்மாளின் மகள் துர்காதேவியை ஆனந்தகுமாருக்குப் பேசி முடித்தாயிற்று. தை பிறந்தால் நிச்சயதார்த்தம். பைக் விஷயம் பட்டம்மாள் காதில் விழுந்தால் அந்த வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும்.

ஆகவே அரசிக்குச் சண்டையின் பெருமை வேண்டும், சண்டையின் காரணம் வெளியே வரக்கூடாது. கத்தரிக்காய் வேண்டும், காம்பு வேண்டாம் என்கிற கதை.

“சாப்பாடு என் வீட்லதான்” என்றாள் அரசி, குழாயடியில் இடுப்பில் கை வைத்து. “அவங்க சுத்தம் பாக்கறவங்க. புதுப் பாத்திரத்துல, அவங்க கையால அடுப்பு பத்த வெச்சாத்தான் சாப்புடுவாங்க. என் வீட்ல முட்ட ஓடுகூட வந்ததில்ல. உன் வீட்ல கருவாடு காயிது.”

“கருவாடு மொட்டமாடியில காயிதுக்கா, பூஜையறையிலயா காயிது? அவங்க பேரு இன்னான்னு தெரியுமா ஒனக்கு? மோசே பெண்டாட்டி பேரு. எங்க பைபிள்ல இருக்குது. சிப்போராள்! நாங்க சண்டே ஸ்கூல்ல படிச்சது. எங்களுக்கும் அவங்களுக்கும் சங்கீதப் புஸ்தகம் ஒண்ணுதான்.”

இது அரசிக்கு நெஞ்சில் குத்தியது. அன்று சாயங்காலமே சிப்போரா அம்மாளுக்குப் போன் போட்டு, நைசாகக் கேட்டுவிட்டாள். பதிலோடு அப்படியே தெருவுக்கு ஓடிவந்தாள்.

“கேட்டுட்டேன்! அவங்க ஏசு சாமிய கும்பிடறவங்களே இல்லியாம்! நீயும் அவங்களும் ஒண்ணும் சொந்தம் கெடயாது, போடி!”

கிரேஸ் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: “ஏசு சாமியே அவங்க ஜாதிசனந்தான்க்கா.”

அரசி அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை என்று தெருவில் பேச்சு. கடைசியில் சம்பந்தம்தான், வருஷத்துக்கு ஒரு முறை பேசுகிறவர், பேசினார். “சமையல் நம்ம வீட்ல. பந்தி தெருவுல. பந்தல் போட்டுடலாம்.” அதோடு ஓடத்தை எடுத்துக்கொண்டார்.

சிப்போரா அம்மாள் வந்த அன்று அரசி விடியற்காலையிலேயே வாசலை அடைத்துப் படிக்கோலம் போட்டிருந்தாள். முன்கூடம் புதுசாகக் கான்கிரீட் போட்டு, தரைக்கு வழவழ டைல்ஸ் பதித்து, நாற்காலி இருந்த இடத்தில் ஜமக்காளம் விரித்து, மேலே ஒரு மல்லிகைச் சரம் கூடத் தொங்கவிட்டிருந்தாள். அந்த அம்மாள் வந்து நன்றி சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அவர் வந்தார். கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். “நன்னாயிட்டு கெட்டியிருக்கு” என்றார். திரையை விரித்துக் காட்டியபோது சம்பந்தத்தின் கையைப் பார்த்து வெகுநேரம் கும்பிட்டார். அரக்கில் பொன் மலைகள் வரிசையாக நின்றன. பிறகு திரும்பி வெளியே நடந்தார்.

“சிப்போராம்மா, எடம் இதுதான். இங்கதான் விழுந்துது” என்று பின்னாலேயே ஓடினாள் அரசி.

“விழுந்தது அவிடெ, மோளே. ஞான் தப்பிச்சது இவிடெ.”

சரியாகக் குழாயடியில் போய் நின்றார்.

கிரேஸ் தன் வாசலில் நின்று சிரித்தாள். குழாயிலிருந்து கிரேஸ் வாசல் கிட்டவா, தன் வாசல் கிட்டவா என்று அரசி கண்ணாலேயே அளந்தாள். தன் வாசல்தான் ஓர் அடி அதிக தூரம். இந்தக் குழாயைத் தன் பக்கம் போடச் சொல்லி அன்றைக்கே கவுன்சிலரிடம் மனு கொடுத்திருக்கலாம் என்று வயிறு எரிந்தது.

சிப்போரா அம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். கண்ணை மூடிக்கொண்டு அவர் மொழியில் இரண்டு வரி சொன்னார். நீளமே இல்லை. ஒரு வருஷம் காத்திருந்து, விமானம் ஏறி, ஓரகடம் டிராஃபிக்கில் நின்று வந்து சொன்னது அவ்வளவுதான்.

முடித்ததும் பளிச்சென்று ஒரு குரல்: “ஆமென்!”

கிரேஸ்.

சிப்போரா அம்மாள் கண்ணைத் திறந்து, முகமெல்லாம் மலர்ந்து அவளைப் பார்த்தார். யாராவது அதைச் சொல்லவேண்டுமாம். கேட்டவர் ‘ஆமென்’ சொன்னால்தான் நன்றி நிறையுமாம். இந்த ஊரில் அது கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அரசிக்கு உள்ளே ஏதோ கருகியது. இப்படி ஒரு சொல் இருப்பதை இந்தச் சண்டாளி தன்னிடம் சொல்லவேயில்லையே! “ஆமென்!” என்று அவளும் கத்தினாள், கிரேஸைவிட உரக்க, வேளை தப்பி. தெரு திரும்பிப் பார்த்தது. சாயங்காலம் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

பந்தி நன்றாகவே நடந்தது. சிப்போரா அம்மாள் கையால் பற்றவைத்த அடுப்பு, புதுப் பாத்திரம், கத்தரிக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு, பருப்புப் பாயசம். பாயசத்தில் அவரும் இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டார். முதல் வரிசையில் நடுநாயகமாகப் பட்டம்மாளும் துர்காதேவியும். ஆனந்தகுமார் சாம்பார் வாளியோடு. ஏஞ்சல் தண்ணீர் ஜக்கோடு. இருவரும் ஒரே பந்தியில் எதிரும் புதிருமாக நடந்துகொண்டிருந்ததை அரசி கவனித்தாள். பந்தி நடுவில் என்ன செய்ய முடியும்? கரண்டியை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சிப்போரா அம்மாள் எழுந்து நின்றார். “தெருவில் உள்ளவங்க எல்லாரும் கேக்கணும். சொல்லாத அற்புதம் பாதிதான்.”

சொன்னார். மழையைச் சொன்னார், நாற்காலியைச் சொன்னார், விரித்த சேலைகளின் நிறத்தைக்கூட விடாமல் சொன்னார்.

“அப்ப அரசி பெட்டெந்நு எழுந்து ஓடினா. ஞான் யோசிச்சேன், எந்தா காரியம்?”

“குழாத் தண்ணிக்குமா!” என்று அரசி குறுக்கே விழுந்தாள். “எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நீங்க உக்காருங்க. அப்பளம் போட்டுக்கோங்க.”

“குழாயோ?” சிப்போரா அம்மாள் யோசித்தார். “அல்ல அல்லோ, அரசி. குழாயைப் பத்தி யாரும் பறஞ்சில்ல.”

“ஐயோ, பாயசம்! யாரங்க, அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் பாயசம்!”

“இருக்கட்டே. நன்றி சொல்லும்போது மறைக்கக் கூடாது, அது எங்க முறை. எல்லாம் எனக்கு ஞாபகம் உண்டு.” வருஷம் முழுக்க அந்தக் காட்சியை மனசில் ஓட்டிப் பார்த்தவர் போலிருக்கிறது. அரசியின் குரலையே எடுத்துப் பேசினார்: “‘உன் பொண்ணு எதுக்குடி என் புள்ள பைக்ல வரா? வேற ஆள் கெடைக்கலியா ஒங்களுக்கு?’ அதுக்கு கிரேஸ் பறஞ்சா: ‘உன் புள்ளதான் காலேஜ் வாசல்ல வந்து காத்துக்கினு நிக்கறான், அவனக் கட்டிப் போடு!’ இத கேக்கத்தான் ஞான் வெளியே வந்தது. நல்லா கேக்கலயே எந்நு கிட்ட வந்தது. வரலெங்கில் ஞான் இல்ல.”

பந்தியில் அப்பளம் நொறுங்கும் சத்தம்கூட நின்றது.

கிரேஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் இது வெளியே வருவதில் விருப்பமில்லை. ஏஞ்சலை ஒரு வருஷமாகப் பஸ்ஸில்தான் அனுப்புகிறாள். ஆனால் குனிந்த தலைக்குள் ஒரு சிரிப்பு இருந்ததை அரசி பார்த்துவிட்டாள். காத்துக்கொண்டு நின்றவன் யார் என்பது இப்போது தெருவுக்கே தெரிந்துவிட்டதல்லவா?

சிப்போரா அம்மாள் விடவில்லை. இத்தனை நாள் மனசுக்குள் வைத்திருந்தது இதுதான் போலும். “அரசியும் கிரேஸும் ரெண்டு பேரும் போன்ல பறஞ்சு, ‘நான்தான் சண்ட ஆரம்பிச்சேன்’ எந்நு. ரெண்டு பேருக்கும் நன்றி. பட்சே, ஆரம்பம் அதுக்கும் முன்னே அல்லே? அந்த ரெண்டு குட்டிகள். அவங்கள எனக்குக் காட்டித் தாருங்க. எவிடெ அவங்க?”

யாரும் காட்டவில்லை. காட்டத் தேவையும் இருக்கவில்லை. சாம்பார் வாளி இலைக்கு மேலே அப்படியே நின்றது. ஏஞ்சலின் கையிலிருந்த ஜக், ஏற்கெனவே நிறைந்த தம்ளரில் இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் வழிந்து பட்டம்மாளின் இலை மிதந்தது.

சிப்போரா அம்மாள் இருவரையும் பார்த்தார். போய், ஆளுக்கொரு கையை எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, தன் கைகளுக்குள் மூடிக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்க, அவர் மொழியில் ஏதோ வாழ்த்தினார். அவருக்கு அது நன்றி. இந்த ஊரில் அதற்கு வேறு பெயர்.

தனசேகரன், பாவம், பழக்க தோஷத்தில் “ஆமென்” என்றுவிட்டான்.

பட்டம்மாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள். துர்காதேவி மெதுவாகத்தான் எழுந்தாள்; பாயசத்தை முடித்துவிட்டு எழுந்தாள் என்றும் சொல்கிறார்கள். “தை மாசம் எங்களுக்கு வேற வேல இருக்குது, அரசிம்மா” என்று சொல்லிவிட்டுப் பட்டம்மாள் கை கழுவக் குழாயடிக்குப் போனாள். குழாயில் தண்ணீர் வரவில்லை. அது வேறு.

அரசி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிப்போரா அம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“இன்னாமா பண்ணிட்டீங்க! ஒங்களுக்கு உசுரு கெடச்சுது, நன்றி சொன்னீங்க. எனக்கு இன்னா கெடச்சுது? நடுத்தெருவுல மானம் போச்சு. அவ சிரிக்கிறா. பட்டம்மா பொண்ணு போச்சு. அற்புதம் ஒங்களுக்கு, ஆமென் அவளுக்கு, மச்சு விழுந்தது மட்டும் எனக்கா?”

சிப்போரா அம்மாளுக்குத் தான் செய்தது மெல்ல மெல்லத்தான் புரிந்தது. முகம் சுருங்கிப்போய் கவிழ்த்து வைத்திருந்த ஓர் அண்டாவின் மேல் உட்கார்ந்தார். பிறகு, அவளைச் சமாதானம் செய்ய அல்ல, நிஜமாகவே அப்போதுதான் தோன்றியவர் போலக் கேட்டார்: “அரசி, நாற்காலியில் ஞான். நீ எவிடெ இருந்து?”

“பாயில.”

“பாய் எவிடெ?”

“ஒங்க எதுர்ல. ஒங்க காலாண்ட.” சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

மச்சு விழுந்த மறுநாள் அந்தக் குப்பையை அள்ளியவள் அவள்தான். உத்தரத்துக் கட்டை நாற்காலியில் ஒரு முனையும் பாயில் மறு முனையுமாகக் கிடந்தது. பாயில் இருந்த முனைதான் பெரிது. கட்டைக்கு அடியிலிருந்து மாம்பழ மஞ்சள் சேலை ஒன்றை உருவி எடுத்தாள்; நடுவில் தலை போகிற அளவுக்கு ஓட்டை. ‘ஐயோ, என் சேல போச்சே’ என்று அன்று அழுதாளே தவிர, அந்தச் சேலை அவள் மடியில் இருந்தது என்பது ஒரு வருஷமாக நினைவுக்கு வரவில்லை. கிரேஸுக்குப் பேரீச்சம்பழம் எப்போது வந்தது என்பதை நினைத்துக்கொண்டிருக்கவே நேரம் சரியாக இருந்தது.

“பைக் அவிடெ நிக்கலெங்கில்...” என்றார் சிப்போரா அம்மாள்.

அரசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பூஜையறைப் பக்கம் பார்த்தாள். வாய் ஏதோ முணுமுணுத்தது. சிவ சிவ என்றாக இருக்கலாம். திடீரென்று எழுந்தாள். அழுகிற பெண் இப்படித்தான் எழுந்து போய் எதிரியைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தால் அரசியை உங்களுக்குத் தெரியாது. விடுவிடுவென்று தெருவைக் கடந்தாள்.

“ஏய் கிரேஸு! கேட்டுக்கோ. அந்த அற்புதம் அவங்களுக்கு மட்டும் நடக்கல. எனக்கும் நடந்துது. கட்ட என் பாயிலதான் விழுந்துது. பெரிய முனை! ரெண்டு பேரத் தப்பிக்க வெச்சுது அது. ஒனக்கு இன்னா நடந்துது? ஒண்ணும் நடக்கலல்ல?”

கிரேஸ் எச்சில் இலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சண்டையில்லை.

“எனக்காக்கா? சல்லிக் காசு வாங்காத மாப்பிள்ள கெடச்சிருக்கான். அதுவும் உன் வயித்துல பொறந்தவன். இதுக்கு மேல அற்புதம் வேணுமா?”

அரசிக்கு வாய் வரவில்லை. பிள்ளையார்பாளையத்தில் அப்படி ஒன்று நடந்தது அதுதான் முதல் தடவை. சிலர் அதைத்தான் அற்புதம் என்கிறார்கள்.

அப்புறம் என்ன? அரசி மூன்று மாதம் சாப்பிடாமல் இருந்தாள் என்று அவளே சொல்லிக்கொள்வாள், இளைத்தமாதிரி தெரியவில்லை. ‘உன்ன உசுரோட வெச்சது அந்த பைக்குதானம்மா’ என்று ஆனந்தகுமார் ஒரு தடவை சொன்னான். சம்பந்தம் அடுத்த வருஷத்துக்கான பேச்சைப் பேசினார்: “கோயில்லயோ சர்ச்லயோ, எங்கயாவது கட்டிக்கட்டும். சேல நான் நெய்யறேன்.” நெய்தார். அரக்குதான், கோபுரக் கரைதான். ரவிக்கை கிரேஸ் தைத்தாள். கலியாணம் பதிவு அலுவலகத்தில். சாப்பாடு இரண்டு நாள், இரண்டு வகை.

துர்காதேவி ஆரணியில் குமாரவேல் என்ற மெடிக்கல் ஷாப்காரரைக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாள். அவளுக்கு ஆனந்தகுமாரை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லையாம். இதைத் தெரிந்துகொண்ட நாளில் அரசிக்கு வந்த கோபம் தனிக்கதை. பட்டம்மாள் ஜரிகைக் கடையை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டாள். சிப்போரா அம்மாளின் திரை அங்கே தொங்குகிற படம் இரண்டு வீட்டுக்கும் வந்தது. ஒரே நிமிஷத்தில், ஒரே குரூப்பில். அவர் பாடம் கற்றுக்கொண்டுவிட்டார்.

ஆனந்தகுமாரும் ஏஞ்சலும் வேலை மாறி ஓசூருக்குக் குடிபோனார்கள். பிள்ளை பிறந்ததும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கிரேஸ் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு புருஷனோடு அங்கே போனாள். அரசி இங்கேயே இருந்தாள். எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. குழாயில் தண்ணீர் தாராளமாக வந்தது, பிடிக்கத்தான் போட்டியில்லை. தெருவே தூங்கி வழிந்தது.

போன பங்குனியில் கிரேஸ் போன் போட்டு, குழந்தை முதல் வார்த்தை பேசிவிட்டது என்றாள்.

“இன்னா சொல்லிச்சு?”

“வேற இன்னா? ஆமென்தான்.”

பொய்யாகக்கூட இருக்கலாம். கிரேஸைத் தெரிந்தவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அரசி மறுநாள் விடியுமுன்னே திருநீற்றுச் சம்படத்தைப் பையில் போட்டுக்கொண்டு, சம்பந்தத்தையும் தறியையும் தெருவையும் விட்டுவிட்டு, ஓசூர் பஸ் ஏறிவிட்டாள்.